வேணு சொன்ன பதில்கள்

திருவண்ணாமலை
22.12.2005

அன்பு மகள் மதிவதனிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். போர்வெல் மோட்டாரும் நலம். நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும், தீபத்தன்றுதான் பார்த்தேனே.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைக் கேட்டாலும் "சரிப்பா, கிளாஸ் இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம், அதற்கும் முதலில் பிரித்தாக வேண்டும். பி.யூ.சி.யை இரண்டு தடவை எழுதியும் தேறாதவனுக்கு இவ்வளவு தந்திரம் போதும்.

நடந்ததை எழுதுகிறேன். தப்பாக இருந்தால் திருத்து.

தீபத்தன்று சாயங்காலம். அடி அண்ணாமலையில் வழக்கமான இடத்தில் டெம்போவை நிறுத்தி, பின்கதவைத் திறந்துபோட்டு, தண்ணீர் பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தேன். கிரிவலம் போகிற கூட்டத்தில் போர்டைப் படிக்க யாருக்கும் பொழுதில்லை. கத்தினால்தான் வியாபாரம். "மதிவதனீ! ஜில்லுனு மதிவதனீ!" என்று மத்தியானத்திலிருந்து உன் பெயரைக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. நீ பத்தாவது படிக்கும்போது கம்பெனிக்கு உன் பெயரை வைத்தேன். முதல் பாக்கெட்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டுபோய் வகுப்பு முழுக்கக் கொடுத்தவள் நீ.

அப்போது ஒரு பெண் கேமராவோடு வந்து நின்றது. "அங்கிள், ஒரு சர்வே. ரெண்டு நிமிஷம்தான்" என்றது. பம்பாய்த் தமிழ். அதற்குப் பின்னால் ஒரு வடக்கத்திப் பையன். அவனுக்குப் பின்னால், அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு, நீ.

தீபத்துக்கு வர முடியாது, பரீட்சை என்று அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தாய்.

உன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டுச் சுவரோரம் நிற்பாயே, அந்த முகம். நான் "ஏம்மா" என்று ஆரம்பிக்கப் போனேன். நீ சட்டென்று காகிதத்தைக் குனிந்து பார்த்தாய். எனக்குப் புரிந்துபோயிற்று. நான் படிப்பில்தான் மக்கு.

"கேளுங்க மேடம்" என்றேன்.

அந்தப் பெண் பெயரைக் கேட்டது. டெம்போ ஓட்டுகிறவனின் பெயர்தான் வாயில் வந்தது. "வேணுங்க." நீ எழுதினாய். அந்தப் பெண் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தது. "ஏய் மதி, இதுல உன் பேருடி!" நீ நிமிராமல், "காமன் நேம்" என்றாய்.

நானும் விடவில்லை. "எங்க ஊர் பக்கம் வீட்டுக்கு ஒரு மதிவதனி இருக்குதுங்க மேடம்" என்றேன். நிஜத்தில் இந்த ஜில்லாவில் இன்னொரு மதிவதனியை நான் பார்த்ததில்லை. அந்தப் பெயரை வைப்பதற்காக உன் அம்மா வீட்டாரோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவன் நான்.

கேள்வியெல்லாம் அந்தப் பெண்தான் கேட்டது. கடைசியில் ஒன்றை மட்டும் நீ கேட்டாய். "குடிச்சிட்டுப் போடற கவர் அப்புறம் எங்க போகுதுங்க?" எவ்வளவு மரியாதை! "அது நம்ம வேலை இல்லீங்க. தண்ணி வித்ததோட நம்ம வேலை முடிஞ்சுது" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாய். போட்டோ பிடித்தார்கள். நான் சிரித்தேன். நன்றி சொல்லிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டாய். மறுநாளாவது வீட்டுக்கு வருவாய் என்று கம்பெனிக்குப் போகாமல் இருந்து பார்த்தேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. கார்த்திகைப் பொரியைப் பாதி எடுத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். புனே பக்கம் யாராவது போனால் கொடுத்தனுப்ப வேண்டுமாம்.

கோபமெல்லாம் இல்லை. ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ராத்திரி எங்கே தங்கினாய்? சாப்பாடு கிடைத்ததா?

உன் அப்பா,
சின்னசாமி


புனே
3.1.2006

அப்பா,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கினோம். சாப்பாடு கிடைத்தது. நான் சாப்பிடவில்லை.

நீங்கள் எழுதியதில் திருத்த எதுவும் இல்லை. நான் முன்கதையை மட்டும் சொல்கிறேன். இங்கே முதல் வாரத்தில் எல்லோரும் வீட்டுத் தொழிலைச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் சொன்னவனின் அப்பா காற்றாலை வைத்திருக்கிறார். நான் விவசாயம் என்று சொல்லிவிட்டேன். இயற்கை விவசாயமா என்று பேராசிரியர் கேட்டார். ஆமாம் என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அதை எப்படித் திரும்ப வாங்குவதென்று தெரியவில்லை.

கோயில் ஊர்களின் குப்பையைப் பற்றி ஆய்வு என்றதும் ஆர்த்திதான் திருவண்ணாமலை என்றாள். கேமரா வைத்திருந்தாளே, அவள்தான். "உன் ஊர்தானே, உன் வீட்லயே தங்கலாம்" என்றாள். நீங்களும் அம்மாவும் காசிக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். டெம்போவை எப்போதும் நிறுத்தும் இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தை விட்டு வேறு பக்கம் அவர்களைக் கூட்டிக்கொண்டுபோகத்தான் பார்த்தேன். ஆர்த்திக்குத் தாகம் எடுத்துவிட்டது. தண்ணீர் வண்டியைப் பார்த்ததும் சர்வேயையும் அங்கேயே ஆரம்பித்துவிட்டாள்.

நான் போக விரும்புகிற வேலை என்னவென்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். சஸ்டெயினபிலிட்டி கன்சல்டிங் என்று பெயர். தொழில் செய்கிறவர்கள் தண்ணீரை, காற்றை, மண்ணைக் கெடுக்காமலும், தொழிலும் படுத்துவிடாமலும் நடத்துவதற்கு வழி சொல்கிற வேலை. அதைச் சொல்லப்போகிறவளின் பெயரே அந்தப் பாதை முழுக்கக் கிடக்கிறது. வெட்கமாக இருக்கிறது அப்பா. தொழிலை நினைத்தா, என்னை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் படம் எங்கள் ஆய்வில் வருகிறது. அதற்குக் கீழே "அது நம்ம வேலை இல்லை" என்ற வரி. எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதுதான் எல்லாவற்றிலும் நல்ல படம் என்றார்கள்.

நீங்கள் "மேடம்" என்றபோது நான் ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே வந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மதி


திருவண்ணாமலை
18.1.2006

அன்பு மகளுக்கு,

காசிக்கு அனுப்பி வைத்ததற்கு நன்றி. கங்கையில் குளித்து வந்தவன் மாதிரியே இருக்கிறேன். அடுத்த முறை ராமேஸ்வரமும் சேர்த்துச் சொல்லிவிடு, யாத்திரை முழுசாகிவிடும்.

விவசாயம் என்று சொன்னதைப் பற்றி மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. என் அப்பா விவசாயிதான். நான்தான் அவர் கிணற்றையும் தூர்த்துவிட்டு வேங்கிக்கால் பக்கம் போர்வெல் போட்டவன். ஒரு தலைமுறை தள்ளிச் சொல்லிவிட்டாய், அவ்வளவுதான்.

உன் வேலையின் பெயரைச் சொல்லிப் பழகினேன். சஸ்டெயின வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் நாக்கு பிரேக் போடுகிறது. அம்மாவிடம் அர்த்தத்தை மட்டும் சொன்னேன். "கண்ட எடத்துல குப்பை போடாதீங்கனு சொல்றதுக்கு சம்பளம் குடுப்பாங்களா? இந்த வீட்ல நான் இத்தனை வருஷமா சும்மாதான சொல்லிகினு கீறேன்" என்றாள்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஊரே சிரித்துவிட்டது.

இந்தத் தடவை பொங்கலும் பௌர்ணமியும் ஒன்றாக வந்தது. செம கூட்டம். மறுநாள் காலையில் என்ன தோன்றியதோ, ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். நீ கேட்டாயே, கவர் அப்புறம் எங்கே போகும் என்று. எங்கேயும் போகவில்லை. அங்கேயேதான் இருந்தது. பொறுக்க ஆரம்பித்தேன்.

நம் கம்பெனியில் பாக்கெட் அடுக்குகிற பாஞ்சாலை அந்த வழியாக வந்தாள். அவள் பேச்சு உனக்குத் தெரியும்.

"இன்னா மொதலாளி, சாக்கும் கையுமா?"

"பொறுக்கறேன்."

"அது தெரியுது. அதோ அத்த ஏன் உட்டுட்டு வரீங்க? அதும் தண்ணி கவருதான்?"

"அது நம்ம கம்பெனி இல்ல."

அவள் அப்படியே மைல் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ சாமி! குப்பையில கூட ஜாதி பாக்கறீங்களே!"

பாதையில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனாலும் மதி, போட்டிக் கம்பெனிக்காரன் கவரை எடுக்க என் கை வரவில்லை. கோபத்தில் இல்லை. அவன் பெயர் கீழே கிடந்தால் அவன் பாடு. உன் பெயர் கிடக்கிறதே. இத்தனை வருஷமாக ஜனங்கள் அதை மிதித்துக்கொண்டுதான் மலையைச் சுற்றியிருக்கிறார்கள். நான் அதைப் பார்த்து, "பரவாயில்லை, நன்றாக ஓடியிருக்கிறது" என்று சந்தோஷப்பட்டவன்.

சாக்கைக் கொண்டுவந்து கம்பெனி மூலையில் வைத்திருக்கிறேன். பொறுக்கிய பிறகு அதை எங்கே போடுவது என்று உன் சர்வேயில் கேள்வி இல்லை. தெரிந்தால் எழுது.

அப்பா


புனே
20.3.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

சாக்கை எரித்துவிடாதீர்கள். பழைய பிளாஸ்டிக்கை வாங்குகிறவர்கள் வேலூர் பக்கம் இருக்கிறார்கள், விசாரித்து எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு கொடுக்க வந்தவர் சந்திரகலா மேடம். பெங்களூரில் நான் போக ஆசைப்பட்ட கன்சல்டிங் நிறுவனத்தை நடத்துகிறவர். எங்கள் மூன்று பேரில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். படிப்பு முடிந்ததும் வந்து சேர்ந்துகொள் என்று கடிதமே கொடுத்துவிட்டார். எங்கள் வகுப்பில் இந்தத் துறையில் வேலை கிடைத்தது எனக்கு மட்டும்தான்.

இதோடு நிறுத்த முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சித்ரா பௌர்ணமிக்கு மேடம் திருவண்ணாமலைக்கு வருகிறார். நானும் கூட வர வேண்டும். உங்கள் படத்தைப் பார்த்து, "இந்த மனுஷன்தான் எனக்கு வேணும். இவர் மனசு மாறினா ஊரே மாறும். இவரோட யூனிட்டைப் பார்க்கணும்" என்று சொல்கிறார். வேணு சாரிடம் முன்கூட்டியே பேசி வைக்கச் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்கக் கூடாது. கேட்கிறேன். இன்னும் ஒரே ஒரு நாள் நீங்கள் வேணுவாக இருக்க முடியுமா? வேலையில் சேர்ந்த பிறகு நானே நேரம் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முடியாது என்று எழுதினால் எனக்கு வருத்தம் இருக்காது. முடியாது என்று எழுதினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றுகிறது.

மதி


திருவண்ணாமலை
28.3.2006

அன்பு மகளுக்கு,

வேணு ஒத்துக்கொண்டான். வரச் சொல்.

நிஜ வேணுவுக்கு அன்றைக்குத் திண்டிவனம் லோடு போட்டிருக்கிறேன். கம்பெனியில் மாட்டியிருக்கும் உன் பள்ளிக்கூடப் போட்டோவைக் கழற்றிவிடுகிறேன். பாஞ்சாலையிடம் மட்டும் சொல்லி வைத்தேன். "சினிமாவா எடுக்கறீங்க?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதது எனக்குப் பயமாக இருந்தது.

அம்மாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ ஊருக்கு வந்து வீட்டுக்கு வராமல் போவது இரண்டாவது தடவை. யாராவது பார்த்துச் சொல்லி அவளுக்குத் தெரிந்தால் இன்னும் மோசம். காசி முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் சோற்றை வடித்து முடித்தாள். அப்புறம், "அப்பனும் பொண்ணும் சேர்ந்து என்னைக் காசிக்கு அனுப்பிட்டீங்க. நான் அங்கயே தங்கிட்டேன், திரும்பி வரலைன்னு உங்க பொண்ணுக்கு எழுதுங்க" என்றாள். சித்ரா பௌர்ணமிக்குப் போளூரில் அவள் தம்பி வீட்டுக்குப் போகிறாளாம்.

வேலை கிடைத்ததற்குச் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். பாதி சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதுதான் குறை.

அப்பா


புனே
20.4.2006

அப்பா,

வேலை போய்விட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அன்றைக்கு நீங்கள் நடித்ததுபோல யாராலும் நடிக்க முடியாது. மேடம் உள்ளே வந்ததும் துண்டைத் தட்டி நாற்காலியைத் துடைத்தீர்கள். அடுத்த நாற்காலியை எனக்கும் துடைத்தீர்கள். பாஞ்சாலையக்கா வந்து, "குடிக்கத் தண்ணி குடுக்கட்டுங்களா மேடம்?" என்று என்னிடம் கேட்டார். கம்பெனி வருவதற்கு முன்பே என்னைத் தூக்கி வளர்த்தவர், என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். சுவரில் போட்டோ மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

மேடம் உங்களைக் கேட்டார்: "பிள்ளைங்க இருக்காங்களா வேணு சார்?"

நீங்கள் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அப்புறம், "இல்லீங்க மேடம். அந்தக் குடுப்பினை இல்ல" என்றீர்கள்.

நான் அதைக் குறித்துக்கொண்டேன் அப்பா. பிள்ளைகள் இல்லை என்று என் கையாலேயே எழுதினேன்.

வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை. காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது மேடம் உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷன், பிள்ளை இல்லாத குறை முகத்தில் தெரிகிறது என்றார். அப்போதுதான் உடைந்துவிட்டேன். "அவர் எங்க அப்பா" என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "உங்க அப்பா பாக்கெட் போடறது எனக்கொரு விஷயமே இல்லை. எங்ககிட்ட வர்ற கம்பெனிகளைப் பார்த்தா அவர் ஒண்ணுமே இல்லை. ஆனா நீ ஆய்வு செஞ்ச ஆளு உன் அப்பாங்கறதை மறைச்சிருக்க. நாங்க சொல்றதை நம்பித்தான் கம்பெனிகள் எங்களைக் கூப்பிடறாங்க. நாளைக்கு நீ எழுதித் தர்றதை நான் எப்படி நம்பறது?" என்றார். பிறகு ரயில் வந்துவிட்டது. இந்த வாரம் கடிதம் வந்தது. பரிசையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆர்த்தி என்னோடு பேசுவதில்லை.

எல்லாம் என் தவறு. ஆனால் உங்கள்மேலும் கோபமாக இருக்கிறது. பிள்ளை துபாயில் இருக்கிறது, கல்யாணம் ஆகிப் போய்விட்டது, எதையாவது சொல்லியிருக்கலாம். ஏன் இல்லவே இல்லை என்றீர்கள்? நான் உங்களுக்கு அப்படித்தான் ஆகிவிட்டேனா?

மதி


திருவண்ணாமலை
2.5.2006

மதிவதனி,

உன் கடிதத்தைக் கம்பெனியில் வைத்துப் படித்தேன். மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

முதலில் எனக்கும் கோபம்தான். எனக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததில்லை, நானே அதிகம் பார்த்ததில்லை. காட்பாடியில் போய் ஏன் சொன்னாய்? சொல்வதாக இருந்தால் கம்பெனியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருப்பதாக இருந்தால் கடைசிவரை சொல்லாமலே இருந்திருக்கலாம். நான் வேணுவாக இருந்ததும் வீண், உன் அம்மா போளூரில் போய் அழுததும் வீண்.

இப்படி இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் திட்டியதெல்லாம் அந்தப் பதிலைச் சொல்லாமல் தப்பிப்பதற்கு என்று தெரிந்தது.

மேடம் கேட்டதில் முதல் பாதிதான் உன் காதில் விழுந்திருக்கிறது. நீ எழுதுகிற மும்முரத்தில் இருந்தாய். அவர் ஒரே மூச்சில் இரண்டு கேட்டார். "பிள்ளைங்க இருக்காங்களா வேணு சார்? இந்தத் தொழிலைப் பத்தி அவங்க என்ன சொல்றாங்க?"

பிள்ளை இருக்கிறது என்று சொன்னால் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் எனக்குத் தெரியும். இரண்டு அடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதை என் வாயால் சொல்ல முடியவில்லை. அதனால் முதல் கேள்விக்கே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உனக்காகத்தான் நடித்தேன் என்று நீ நினைக்கிறாய். உன் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள், அரிச்சந்திரன் உண்மைக்காகச் செய்த தியாகத்தை நான் பொய் சொல்லியே செய்துவிட்ட மாதிரிப் பார்க்கிறாள். அது பாதிதான் நிஜம். தீபத்தன்று உனக்காக நடித்தேன். சித்ரா பௌர்ணமிக்கு எனக்காக நடித்தேன். வேணுவாக இருப்பதில் ஒரு சுகம் இருந்தது. வேணுவை யார் என்ன கேட்டாலும் உறைக்காது. சின்னசாமியை உன் கண் பார்த்துக் கேட்டால் உறைக்கும்.

நீ எனக்கு இல்லை என்று ஆகவில்லை. ஜாஸ்தியாக இருக்கிறாய், அதுதான் சங்கடம்.

லீவுக்கு வா. அம்மா பேசமாட்டாள். அதைப் பொறுத்துக்கொள். நான் ஒரு மாதமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா


சென்னை
11.6.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

போன லீவில் அம்மா மூன்றாம் நாள் "உப்பு போதுமா" என்று கேட்டதிலிருந்து இந்த வருஷம் எனக்கு மெதுவாகத் திரும்பியிருக்கிறது. நல்ல செய்தி இருக்கிறது. போனில் சொன்னால் நீங்கள் கத்திவிடுவீர்கள், பக்கத்துக் கடைக்காரர் பயந்துவிடுவார் என்று எழுதுகிறேன்.

அடையாறில் ஒரு சின்ன நிறுவனம். மாடியில் இரண்டு அறை, ஐந்து பேர். நடத்துகிறவர் அறிவுச்செல்வன் சார். முன்பு ஒரு சாயப்பட்டறையில் இன்ஜினியராக இருந்தவர். பெரிய கம்பெனிகளெல்லாம் இவர்களைத் தேடி வருவதில்லை. சின்னத் தொழில்களுக்குத்தான் வழி சொல்கிறார்கள். சம்பளம் பெங்களூரில் கிடைத்திருக்கக்கூடியதைவிட ரொம்பக் கம்மி.

முன்பு கிடைத்த வேலை ஏன் கைவிட்டுப் போயிற்று என்று இண்டர்வியூவில் கேட்டார். சொன்னேன். நீங்கள் துடைத்த நாற்காலி வரைக்கும் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அது நடக்கவில்லை. அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம், "அப்பாவோட யூனிட் இன்னும் ஓடுதாம்மா? அப்ப அங்கருந்தே ஆரம்பிங்க. யார் யூனிட்னு முதல் பக்கத்துலயே எழுதிடுங்க" என்றார்.

வரும் இருபத்தெட்டாம் தேதி அவரும் இன்னொருவரும் நானும் வருகிறோம். தங்குவது வீட்டில். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், இரண்டு பேரும் சைவம். யாரிடமும் எதையும் சொல்லி வைக்க வேண்டாம். யாருக்கும் திண்டிவனம் லோடு வேண்டாம்.

அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் சிரித்துப் பேசி மழுப்பிவிடுவீர்கள், நானும் உங்களோடு சேர்ந்து சிரித்துவிடுவேன் என்று பயம். இந்த முறை அப்படி விடமாட்டேன்.

மதி


திருவண்ணாமலை
5.7.2007

அன்பு மகளுக்கு,

நீ போய் ஒரு வாரம் ஆகிறது. இன்னும் காது சூடாகத்தான் இருக்கிறது.

இப்படித் திட்டுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கழிவுத் தண்ணீரைப் பின்பக்கத்து வாய்க்காலில் விட்டிருந்ததைப் பார்த்ததும் ஆரம்பித்தாய். "இன்னாப்பா இது? இதெல்லாம் நீ பண்ணலாமா? படிக்காதவங்க பண்றாங்கன்னா சரி, நீ தினமும் பேப்பர் படிக்கற ஆளு!" வாங்க போங்க என்று பேசுகிற பெண், கோபத்தில் நீ என்றுவிட்டாய். உன் முதலாளி குனிந்து வாய்க்காலைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டார். நான் ஏதோ தமாஷாகச் சொல்ல வாயெடுத்தேன். "சிரிக்காதப்பா!" என்றாய். பாக்கெட் அடுக்குகிற பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று வயதில், என் கம்பெனியில், என் ஆட்கள் முன்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். அவ்வளவு வெட்கம் என் வாழ்க்கையில் பட்டதில்லை. பி.யூ.சி. ரிசல்ட் அன்றைக்குக்கூட இல்லை.

அன்றைக்கு மிஷின் ரிப்பேருக்கு வேலூரிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தானே, உன்னை அவனுக்குத் தெரியாது. நீங்கள் முன்பக்கம் போனதும் அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"இன்னா சார், யார் இவங்க? பொல்யூஷன் ஆபீஸா?"

"இல்லப்பா. என் பொண்ணு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதான பாத்தேன். ஆபீசருங்கன்னா இவ்ளோ திட்ட மாட்டாங்களே" என்றான்.

நானும் சிரித்தேன். அப்புறம் டேங்குக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வாய்க்காலைப் பார்க்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்.

ரிப்போர்ட் நேற்று தபாலில் வந்தது. முதல் பக்கத்தில், இந்த யூனிட் ஆய்வாளரின் தந்தை சின்னசாமிக்குச் சொந்தமானது என்று எழுதியிருந்ததை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பாஞ்சாலைக்கும் படித்துக் காட்டினேன். அவள், "அப்ப வேணு செத்துட்டானா?" என்று கேட்டாள். நிஜ வேணு பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான், பாவம், புரை ஏறிவிட்டது.

இனி தொழில் பேச்சு. வாய்க்காலை அடைத்தாகிவிட்டது. கழிவுத் தண்ணீருக்குத் தனித் தொட்டி கட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். கவர்களைத் திரும்ப வாங்கி வேலூருக்கு அனுப்புகிற யோசனையும் சரி, செய்துபார்க்கலாம். ஆனால் ஒரு வருஷத்துக்குள் பாக்கெட்டையே நிறுத்திவிட்டு, பாதையில் பெரிய டிரம் வைத்து டம்ளரில் ஊற்றி விற்கச் சொல்லியிருக்கிறாயே, அது நடக்காது. தீபத்தன்று வருகிற கூட்டத்துக்கு யார் டம்ளர் கழுவுவது? உன் முதலாளியா? டம்ளர் காணாமல் போனால் யார் பொறுப்பு? பௌர்ணமி வியாபாரம் தெரியாமல் மாடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். நிறுத்து என்றால் நான் நிறுத்திவிடுவேனா? எனக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டாமா?

இதையெல்லாம் கடிதத்தில் எழுதினால் நீ கடிதத்தில் பதில் எழுதுவாய். அது வேண்டாம். சனிக்கிழமை வந்து நேரில் சண்டை போடு.

உன் அப்பா,
சின்னசாமி